கேமராக்களைத் தனியே அனுப்பாதவர்

பெரியவனின் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தார். வாயால் ஊதுவதில்லை; எச்சில் படும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ரப்பர் பந்து ஒன்று அதற்கென்றே இருக்கிறது. மூன்று அமுக்கு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு பார்வை, மறுபடி மூன்று அமுக்கு. வாசலில் நான்கு மாணவர்கள் நேரமாகிறதே என்று கால் மாற்றி நின்றார்கள். "அவசரப்பட்டா ஆகுமா? மூஞ்சியக் கழுவாம எந்த வீட்லயாவது புள்ளைய வெளிய அனுப்புவாங்களா?" என்றார், தலையைத் தூக்காமல்.

பெரியவன் என்பது ஒரு வீடியோ கேமரா. அவனுக்கு அடுத்தவன் நடுப்பிள்ளை, அதற்கும் அடுத்தது கடைக்குட்டி. எங்கள் கல்லூரியின் ஊடகத் துறைக்கு வாய்த்த மூன்று கேமராக்களும் இவைதான். மாடிப்படிக்குக் கீழே, ஒரு பழைய குளியலறையை இடித்துக் கட்டிய உபகரண அறையில் இவற்றோடு குடித்தனம் நடத்துபவர் நம்மவர். வயது நாற்பத்தெட்டு. பதினோரு வருட சர்வீஸ். பதவியின் பெயர் உபகரண அறை உதவியாளர். மாணவர்கள் வைத்த பெயர் கையெழுத்தக்கா.

பெயர்க் காரணம் மேசைமேல் இருக்கிறது. நீளமான ஒரு பதிவேடு. பொருள், வெளியே போன நேரம், போனபோது நிலை, வந்த நேரம், வந்தபோது நிலை, கையெழுத்து என்று கட்டம் போட்டது. கேமராவுக்கு மட்டும் கையெழுத்து வாங்கினால் யாரும் பட்டப்பெயர் வைத்திருக்க மாட்டார்கள். லென்ஸ் மூடிக்குத் தனியாக ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, பைக்கு ஒன்று, பையின் வாருக்கு ஒன்று. வாரை ஏன் பையிலிருந்து பிரித்தீர்கள் என்று சேர்ந்த புதிதில் நான் கேட்டேன். "போன வருஷம் பை வந்துச்சு, வார் வரல சார்" என்றார். ஆண்டு விழாவுக்கு மின்சார வயர் ஒன்று வேண்டுமென்று கல்லூரி முதல்வரே நேரில் வந்தபோது, அவரையும் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட வைத்தவர். முதல்வரின் கையெழுத்து கொஞ்சம் தாராளமானது. வால் அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. "பாத்து சார், அது மைக்கோட கட்டம்."

வீட்டில் கணவர் இருக்கிறார். தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். ஒரே மகன் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவனைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருக்கான்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். நடுப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் உட்கார்ந்து சொல்வார். "அவனுக்குக் குளிர் ஆகாது சார். ஏசி ரூம்லேர்ந்து வெளிய வந்தா கண்ணு பனிச்சுப் போயிடும்."

வருடத்துக்கு ஒரு முறை இரண்டாம் ஆண்டு மாணவர்களை நகரத்துக்கு அழைத்துப் போவோம். காலையில் ஏதாவது ஓர் இடத்தில் படம்பிடிப்பு, பிற்பகலில் ஒரு தொலைக்காட்சியின் செய்தி அறையைச் சுற்றிப் பார்த்தல். படத்தொகுப்பு சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இந்த வருடப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கேமராக்கள் வேண்டுமென்று கடிதத்தோடு போனேன். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"பதினோரு தடவ அனுப்பிட்டேன். ஒரு தடவ மணலோட வந்தாங்க. ஒரு தடவ யாரோ மென்னு துப்பினதோட வந்தாங்க. போன தடவ பெரியவன் லென்ஸ்ல பல்லு பதிஞ்சிருந்துது சார். பல்லு! அது எப்படிப் பதியும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

"இந்தத் தடவை நான் பார்த்துக்கிறேன்."

"நீங்க பதினோரு பசங்களப் பாப்பீங்க. என் மூணு பேரை யாரு பாப்பா?"

ஒற்றைக்காலில் நின்று, முதல்வரிடம் அனுமதி வாங்கி, வேனில் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். அருகில் இரண்டு இருக்கைகளில் மூன்று பேரும் பயணம் செய்தார்கள். அவருடைய தோள்பையில் என்னென்ன இருந்தன என்பதை அன்று முழுவதும் தவணை முறையில் தெரிந்துகொண்டோம்: மழை வந்தால் கேமராக்களுக்குப் போட மூன்று குளியல் தொப்பி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் (செருப்புப் பெட்டிகளிலிருந்து சேர்த்தவை), மெமரி கார்டுகளைப் போட்டுவைக்க ஒரு சோப்பு டப்பா, மஞ்சள் துணி, அப்புறம் பதிவேட்டின் வெளியூர்ப் பதிப்பாக ஒரு சின்ன நோட்டு.

படம்பிடிக்கத் தேர்ந்தெடுத்த இடம் காய்கறி மொத்தச் சந்தை. போய் இறங்கியதும் மாணவர்கள் மூன்று குழுவாகப் பிரிந்தார்கள். கடைக்குட்டி, எல்லோரும் டைரக்டர் என்று கூப்பிடும் மாணவன் கைக்குப் போனது. இவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், எதைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் சட்டம் கட்டிப் பார்ப்பவன். பெற்றோர் வைத்த பெயரை வகுப்பில் யாரும் பயன்படுத்துவதில்லை. லாரிகளிலிருந்து சரக்கு இறக்கும் கொட்டகையை முழுசாக ஒரு மணி நேரம் ஓடவிட்டு எடுத்து, அதை ஒரு நிமிடமாகச் சுருக்கப்போவதாக என்னிடம் சொன்னான். கேமரா ஓடுவது தெரிந்தால் ஜனங்கள் முறைத்து முறைத்துப் பார்ப்பார்கள் என்று, சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டினான். முக்காலியில் நிறுத்தினான். பொத்தானை அமுக்கினான். தன் குழுவோடு டீ குடிக்கப் போய்விட்டான்.

அக்கா மூன்று குழுக்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். பெரியவனைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லி மாணவி ஒருத்தி மூட்டை தூக்குபவர் ஒருவரிடம் கொடுத்திருந்தாள்; அந்த மனிதர் தலையில் மூட்டையும் கையில் கேமராவுமாக நின்றபடியே அக்காவின் நோட்டில் கையெழுத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் திரும்பியவர், கடைக்குட்டி தன்னந்தனியாக வெயிலில் நிற்பதைக் கண்டார்.

"பெத்தவங்க இல்லாத புள்ள மாதிரி விட்டுட்டுப் போயிருக்கானே!"

பக்கத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, தகர டப்பாவில் தண்ணீர் வைத்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அக்காவின் புலம்பல் கேட்டு நிமிர்ந்து, "அந்த மிஷின கொஞ்சம் இப்படித் தள்ளி நிழல்ல வைங்கக்கா, சூடாயிடப்போவுது" என்றார். அக்காவுக்கு அந்த மனிதர்மேல் மரியாதை பிறந்துவிட்டது. பின்னால் வேனில் இதை நான்கு தடவை சொன்னார்: "பதினோரு வருஷத்துல ஒரு வாத்தியாராவது இப்படிச் சொல்லியிருக்காரா?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

முக்காலியை நிழலுக்கு நகர்த்தி, அதே திசையைப் பார்த்தே நிறுத்திவிட்டு, லென்ஸைக் கவனித்தார். ஒரு விரல் ரேகை. மஞ்சள் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் கொட்டகையின் வலப்பக்கக் கூரை, ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் சாய்வதுபோல நிதானமாகச் சாய்ந்து, பிறகு நிதானம் இழந்து, மொத்தமாக உட்கார்ந்தது.

வெங்காயப் பக்கம் நின்ற எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் எங்கும் புழுதி. நல்லவேளை, காலை இறக்கு முடிந்து ஆட்கள் டீக்குப் போயிருந்த நேரம். கூரையின் கீழே காலிக் கூடைகளைத் தவிர ஒன்றுமில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளைகளை எண்ணினேன், பதினொன்று. புழுதிக்குள்ளிருந்து அக்கா முக்காலியோடு கடைக்குட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வெளிப்பட்டார். "எண்ணிட்டேன் சார், மூணு பேரும் இருக்காங்க."

டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "வாழ்க்கைல ஒரே ஒரு தடவ கூரை விழுது, அப்போ பாத்து நான் டீ குடிக்கிறேன்!" கேமரா ஓடிக்கொண்டிருந்ததே என்று யாரோ கேட்டார்கள். "அக்கா அதப் பாத்தாங்கள்ல? தனியா நின்னா ஆஃப் பண்ணிடுவாங்க. எப்பவும் அதானே." டேப் ஒட்டிய விளக்கை நம்பி, கேமரா அணைந்தே இருப்பதாக அக்காவும் நினைத்திருந்தார். அதனால் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. கார்டுகள் மூன்றும் சோப்பு டப்பாவுக்குள் போயின. நாங்கள் கிளம்பியபோது, லாரி மோதித்தான் தூண் விழுந்தது என்று சந்தை அலுவலகத்து ஆள் ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செய்தி அறைக்கு இரண்டு மணிக்குப் போனோம். நீளமான கூடம். ஒரு சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் யாரோ வாயசைக்கிறார்கள், எதிலும் சத்தமில்லை. விசைப்பலகைமேல் ரொட்டித்தூள். எங்களைச் சுற்றிக் காட்ட வந்த பெண், எல்லா வாக்கியத்தையும் "ஆக்சுவலா" என்று தொடங்கினாள். செய்தி வாசிக்கும் மேசைக்கு அழைத்துப் போனாள். முன்புறம் பளபள, பின்புறம் ஒட்டுப்பலகை, ஆணி. மேசைமேல் இருந்த மடிக்கணினிக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் கூடு.

"அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்றார் அக்கா.

"ஆக்சுவலா, பாக்க நல்லா இருக்கும் மேடம்."

"யாரு கையெழுத்துல இருக்கு?"

அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் சுவரில் ஒரு திரையில் எங்கள் சந்தை வந்தது. கீழே எழுத்து ஓடியது: லாரி மோதிக் கூரை சரிந்தது, ஓட்டுநரிடம் விசாரணை. இரண்டு காவலர்களுக்கு நடுவில் அந்த ஓட்டுநர் நின்றார். முகம் கழுவிய ஈரம் காய்ந்து, அதன்மேல் புழுதி படிந்து, ஆளே வேறு மாதிரி இருந்தார். யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். "நான் வண்டிய எடுக்கவே இல்ல சார். சத்தியமா எடுக்கல. மூஞ்சி கழுவிட்டிருந்தேன்."

"இவரு நிழல்ல வைக்கச் சொன்னவரு!" என்று அக்கா கத்திவிட்டார்.

அந்தக் கத்தலில் செய்தி ஆசிரியர் திரும்பினார். வழுக்கை, மூன்று நாள் தாடி, காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா. "நீங்க அங்க இருந்தீங்களா? படம் எடுத்தீங்களா? குடுங்க, மூணு மணி செய்திக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு." கை நீட்டினார். அக்கா சோப்பு டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நோட்டை நீட்டினார்.

"என்னம்மா இது?"

"பொருள், நேரம், நிலை, கையெழுத்து. நிலைங்கற எடத்துல 'நன்று'ன்னு போடுங்க. தேஞ்சுபோய் வந்தா நான் கேக்கணும்ல."

மந்திரிகளை மடக்கிப் பேட்டி எடுத்தவராம் அந்த மனிதர். காதிலிருந்த பேனாவை எடுத்து மூன்று கையெழுத்துப் போட்டார்.

முதல் கார்டில் புழுதி. இரண்டாவதில் புழுதியும், எங்கள் மாணவி ஒருத்தியின் கட்டைவிரலும். ஆசிரியர் பெருமூச்சு விட்டார். மூன்றாவதைப் போட்டதும் கொட்டகை நேர்த்தியாக, நிலையாக வந்தது. டைரக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். படத்தில் ஒரு மஞ்சள் துணி நுழைந்து, திரை முழுக்க வட்டம் போட்டது. துணி விலகும்போதெல்லாம் கொஞ்சம் சந்தை தெரிந்தது. இடப்பக்கம் லாரி. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து முகம் கழுவும் மனிதர். துணி. மறுபடி மனிதர். துணி. வலப்பக்கம், லாரிக்கு வெகு தூரத்தில், தொடுவார் யாருமில்லாமல் கூரை தானாகச் சாய்கிறது. அப்போது "ஐயோ, என் புள்ள!" என்று அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல். அப்புறம் வானம், தரை, ஓடுகிற இரண்டு செருப்புகள்.

ஆசிரியர் திரையை விட்டுத் திரும்பினார். "புள்ளையா? உள்ள குழந்தை மாட்டிக்கிச்சா? யாரு அலறினது? ஏய், தீயணைப்புக்குப் போன் போடு!"

அக்கா தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "நான்தான் சார்."

"உங்க குழந்தையாம்மா? இப்ப எங்க?"

அக்கா தோள்பையைத் திறந்து காட்டினார். "தூங்கறான் சார். பேட்டரி இல்ல."

சிரித்து முடிக்க ஆசிரியருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு முகம் மாறியது. இது எப்போது எடுத்தது என்று உறுதியாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் இது வேறு என்றைக்கோ எடுத்த படம் என்று சொல்லிவிடுவார்கள் என்றார். படத்தின் மூலையில் இருந்த தேதியோ, எங்கள் மாணவர்கள் பிறப்பதற்கு முந்தைய ஒரு ஜனவரி ஒன்றாம் தேதி. கேமராவின் கடிகாரத்தை யாரும் சரிசெய்ததில்லை. அக்காவின் நோட்டை நான் புரட்டினேன். உரக்கப் படித்தேன்.

"11.38. கடைக்குட்டி தனியாக நின்றது. லாரி ஓட்டுநர் சொன்னபடி நிழலுக்கு மாற்றினேன். லாரி நின்ற நிலையில் இருந்தது. 11.40. லென்ஸ் துடைத்தேன். 11.42. கூரை விழுந்தது. கேமராவுக்குச் சேதம் இல்லை."

ஆசிரியர் நோட்டை வாங்கித் தானே ஒரு முறை படித்தார். "அம்மா, நீங்க செய்தியில வந்து இதச் சொல்லணும்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு வருடம் கேமராக்களோடு வாழ்ந்தவர், ஒரு தடவைகூட அவற்றுக்கு முன்னால் நின்றதில்லை. துறையின் ஆண்டுப் புகைப்படங்களில்கூட ஓரத்தில் அவருடைய முழங்கை மட்டும் இருக்கும். "நான் உபகரண அறை சார். எனக்குப் பேச வராது. இந்த சாரக் கேளுங்க, படிச்சவரு."

"நான் வெங்காயத்துக்கிட்ட இருந்தேன்கா" என்றேன்.

சுவரில் அந்த ஓட்டுநர் மறுபடி வந்தார். அதே வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொன்னார். இப்போது அவர் குரல் கொஞ்சம் அழுகைக்குப் பக்கத்தில் போயிருந்தது. அக்கா அதைப் பார்த்தபடி தோள்பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மூணு பேரு உள்ள இருக்காங்க. கீழ வைக்காதீங்க."

முகத்துக்குப் பவுடர் போட வந்த பெண்ணை அருகில் விடவில்லை. கேமரா இருக்கிற இடத்தில் பவுடர் பறக்கக் கூடாதாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அலறல் இருக்கும் ஒலியை வெட்டிவிடலாம் என்று ஆசிரியர் சொல்ல, அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "வெட்டாதீங்க சார்! அதுலதான் விஷயமே இருக்கு." படம் ஒலியோடு ஓடியது. செய்தி வாசிப்பவர் உருக்கமாக, "அந்தக் கணத்தில் உங்கள் மனநிலை எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"மனநிலைய விடுங்க. லாரி ஸ்டார்ட் ஆகவே இல்ல. ஆகியிருந்தா அந்தச் சத்தம் மைக்ல விழுந்திருக்கும். அது நல்ல மைக். தண்ணி மொண்டு ஊத்தற சத்தம் விழுந்திருக்கு, காக்கா கத்தறது விழுந்திருக்கு, நான் கத்தினது விழுந்திருக்கு. எஞ்சின் சத்தம் மட்டும் எங்க போச்சு?" கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "அப்புறம், அந்தத் துணி அழுக்கு இல்ல. அது மஞ்சள் கலரே அப்படித்தான். அதையும் சொல்லிடுங்க."

கீழே எழுத்து ஓடியது: குழந்தை எதுவும் சிக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் சந்தை அலுவலகம் "லாரி மோதி" என்பதை "காரணம் ஆராயப்படுகிறது" என்று மாற்றிக்கொண்டது. நாங்கள் நகர எல்லையைத் தாண்டுவதற்குள் ஆசிரியர் எனக்குப் போன் செய்தார், ஓட்டுநரை விட்டுவிட்டார்களாம். வேனில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டைரக்டர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஃப்ரேம் என்னோடது. அந்தத் துணி மட்டும் குறுக்க வரலன்னா உலகத்தரம்." அக்கா கேட்டும் கேளாதவர்போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கார்டுகள் மூன்றும் தேயாமல் திரும்பியிருந்தன.

அவருடைய போன் அடித்தது. மகன். பதற்றத்தில் அவன் பேசியது வேன் முழுக்கக் கேட்டது. "அம்மா, நான் ஹாஸ்டல்லதான்மா இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல!"

"தெரியும்டா. உன்ன யாரு சொன்னா?" என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது அழைப்பு கணவருடையது. தெருவில் மீட்டர் பார்க்கப் போன வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்ததாம். மீட்டரை விட்டுவிட்டு அந்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாராம். நன்றாகப் பேசினாயென்றார். பட்பட்டென்று போட்டாயென்றார். அக்கா "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கணவரின் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் கேட்டது.

"ஏம்மா, காதோரம் உனக்கு முடி நரைச்சிருக்கே. எப்பலேர்ந்து? வீட்ல தெரியவே இல்ல, டிவிலதான் பாத்தேன். நல்லா இருக்கு, சொல்லணும்னு தோணிச்சு."

"வேலையப் பாருங்க" என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

பின்னால் மாணவர்கள் பாட்டுக்குத் தாவியிருந்தார்கள். வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் ஜன்னல் கண்ணாடியில் அவருடைய முகம் மெல்லத் தெளிய ஆரம்பித்திருந்தது. ஒரு தடவை திரும்பி எங்களைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தபோது, அவர் முகத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, மோவாயை லேசாகத் தூக்கி, காதோரத்து முடியை ஒரு விரலால் ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். நரை வெளியே தெரியும்படி.